நாவுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

தூத்துக்குடி ஜில்லாவில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் வழியாக மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஒட்டப்பிடாரம் தாலுகாவைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டவுடன், யார் யாரை வென்றது என்று விசாரிக்கத் தோன்றும். யாரை வென்றிருந்தாலும், வானத்தை வென்றவர் இப்பக்கத்தில் இதுவரை இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் உண்டு. பொய்த்தால் அடுத்த ஐப்பசி வரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தகைய பூமியில் ‘தண்ணீர்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் போதாது. நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா, சவர்த் தண்ணீரா என்று அடுத்த கேள்வி வரும். பருப்பு வேகும் தண்ணீர், வேகாத தண்ணீர் என்று அடுப்படியில் ஒரு பாகுபாடு; சோப்பு நுரைக்கும் தண்ணீர், நுரைக்காத தண்ணீர் என்று துவைக்குமிடத்தில் ஒரு பாகுபாடு. ஊருணித் தண்ணீர் கலங்கலாயிருக்கும். ஆனால் வாய்க்கு இதமாயிருக்கும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, அதில் ஊற்றி வைத்தால், மண் அடியில் படிந்து தெளிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். ஒரு மடக்குக் குடித்தால் நாக்குக் கரிக்கும். கூப்பிடு தூரத்திலுள்ள இரண்டு கிணறுகளின் நீரை ஒரே மிடறில் பிரித்துச் சொல்லும் தாய்மார்கள் இப்பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்கள் எந்தச் சர்வகலாசாலையிலும் சுவைப் பரீட்சை எழுதியவர்களல்லர். குடத்தைச் சுமந்து நல்ல தண்ணீருக்காக நடந்த நடைதான் அவர்கள் நாவுக்கு ஆசிரியர்.

இப்படிப்பட்ட நாவுள்ளவரையே சாலையோரக் கடையில் உட்கார வைத்து, ஒரே நிறமுள்ள இரண்டு குளிர்பானங்களைப் பெயர் தெரியாதபடி இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, “எது எது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நம் முகத்தைத்தான் பார்ப்பார். புட்டியைக் காட்டிக் கொடுத்தாலோ, இது சுள்ளென்று இருக்கிறது, அது சப்பென்று இருக்கிறது என்று கோர்ட்டில் வாதிப்பவரைப்போல் எடுத்துரைப்பார். தண்ணீரைப் பிரித்தறியும் நாக்கு இங்கே ஏன் தடுமாறுகிறது? கேள்வி வேடிக்கையானது. ஆயினும் நம் வீட்டுக் காசும், நம் ஆற்று நீரும், சுதேசியம் என்று நாம் சொல்லும் சொல்லின் பொருளும் இதில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாட்டு இளைஞர்கள் திரண்டது யாவருக்கும் நினைவிருக்கும். அந்த வேகம் தணியுமுன்பே, தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும், மார்ச்சு 1-ஆம் தேதி முதல் கோகோ கோலாவையும் பெப்சியையும் கடைகளில் விற்பதில்லை என்று அறிவித்தன. ஆற்று நீரை உறிஞ்சுகிறார்கள், உடம்புக்கும் கெடுதல் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆற்று நீர் என்றது வெறும் பேச்சன்று. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே இந்தப் பானங்களின் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கலாகாது என்று 2016 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்திருந்தது. அத்தடை 2017 மார்ச்சு 2-ஆம் தேதி நீங்கிற்று. அதாவது, வணிகர்களின் பகிஷ்காரம் தொடங்கிய மறுநாள்!

அந்த நாட்களில் யோகம் அடித்தது பொவண்டோவுக்கு. விருதுநகரில் 1916-ஆம் ஆண்டு பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் ஸ்தாபனத்தின் சரக்கு அது. திராட்சை வாசனையும் கருஞ்சிவப்பு நிறமும் கொண்டது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து தென்பாண்டிச் சீமையின் கொடை விழாக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் புழங்கி வருவது. விற்பனை பெருகியது நல்லதுதான். ஆனால் அப்போது கடைக்குக் கடை ஒரு வாதம் கேட்டது: “நம்ம கலர் ருசிக்கு அது உறை போடக் காணாது.” பகிஷ்காரத்துக்கு நீரும் நீதியும் காரணமென்று சொல்லிவந்தவர்கள், சில நாட்களுக்குள் ருசியைக் காரணமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இது சற்றே கவலை தந்தது. நாக்கு நம் கட்சிக்குச் சாட்சி சொல்லுமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டாமா?

விசாரணையை மூக்கிலிருந்து தொடங்குவோம். பன்னீர் சோடாவை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். சர்க்கரைத் தண்ணீரும் அதிலுள்ள காற்றின் சுருக்குந்தான் தெரியும். மூக்கை விட்டவுடன் பன்னீர் வந்துவிடும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனை. அது வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. தனி நாவுக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்ற நான்கும், 1908-இல் ஜப்பானிய ரசாயன சாஸ்திரி இகேடா கண்டு ‘உமாமி’ என்று பெயரிட்ட ஐந்தாவதுமே. நம் அறுசுவையில் உள்ள கார்ப்பையும் துவர்ப்பையும் இன்றைய விஞ்ஞானிகள் தொடுவுணர்ச்சியின் பக்கம் சேர்க்கிறார்கள். மிளகாய் எரிவது எரிச்சலை அறியும் நரம்பில். தேயிலையின் துவர்ப்பு, அதிலுள்ள பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றி இழுப்பதால் வாய் வறளும் உணர்ச்சி, பாலூற்றினால் பாலின் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பற்றிவிடுகிறது, துவர்ப்புக் குறைகிறது. நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு என்று பாடநூல்களில் நாவைப் பங்கு பிரித்துக் காட்டிய படம் இருக்கிறதே, அது 1901-இல் ஜெர்மானியர் ஒருவர் எழுதிய ஆராய்ச்சியைப் பின்வந்தோர் பிழையாக வாசித்ததால் விளைந்தது. எல்லாச் சுவையும் நாவின் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.

குளிர்ச்சி இனிப்பை மறைக்கும். ஆகையால்தான் வெயிலில் கிடந்த கலரைத் திறந்து குடித்தால் பாகு குடித்தாற்போல் தெவிட்டுகிறது. 100 மில்லி லிட்டர் கோலாவில் 10, 11 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. பனிக்கட்டியின் தயவால் நாம் அதை உணர்வதில்லை. சர்க்கரையையும் புளிப்பையும் காற்றையும் நீரையும் கழித்துவிட்டால், ஒரு கோலாவுக்கும் மற்றொரு கோலாவுக்கும் உள்ள பேதம் சில துளி வாசனைச் சத்தில் நிற்கிறது. அந்தத் துளிகளைப் பிடிக்க வேண்டிய மூக்கோ குளிரில் பாதி உறங்குகிறது.

பிறகு கண் வருகிறது. இப்பக்கத்தில் குளிர்பானத்துக்குப் பெயரே ‘கலர்’ அன்றோ! “வந்தவருக்கு ஒரு கலர் உடைத்துக் கொடு” என்கிறோம். நாவால் குடிக்கும் பொருளுக்குக் கண்ணால் கண்டதைப் பெயராக வைத்த நம் மக்கள், விஞ்ஞானிகள் பின்னால் கண்டதை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள் போலும். பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஒரு சோதனை நடந்தது, 2001-இல் வெளியாயிற்று. மதுவைப் பற்றியதாயினும், பொருள் கருதி வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. வெண்மையான திராட்சை மதுவில் மணமும் சுவையும் இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, திராட்சை மதுக்கலை பயிலும் மாணாக்கர் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு மதுவுக்கே உரிய சொற்களால் அவர்கள் அதன் மணத்தை வர்ணித்தார்கள். படித்த மூக்கையே சாயம் மயக்கிற்று.

ஆளுக்கு ஆள் நாவு வேறுபடுவதும் உண்டு. 1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் பாக்ஸ் என்ற ரசாயன சாஸ்திரி ஒரு பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறதென்று புகார் செய்தார். பாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாவில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. ஐரோப்பிய மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அப்பொருள் கசப்பதில்லை என்று பின்னர்க் கண்டார்கள். இது பெற்றோர் வழி வருவது. இதற்குரிய மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள். ஒரே காப்பியை ஒரு வீட்டில் கணவர் கசக்கிறதென்பதும் மனைவி சரியாயிருக்கிறதென்பதும் பிடிவாதமாக இல்லாமலும் இருக்கலாம்.

இனி, நாக்கு பேதத்தை உண்மையிலேயே அறிகிறதா, அல்லது பெயரை வைத்து ஊகிக்கிறதா என்று தெரிந்துகொள்வது எங்ஙனம்? இதற்கு வழி காட்டியது ஒரு தேநீர்ச் சண்டை. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் பிஷர் என்ற கணித மேதை வேலை பார்த்து வந்தார். அவர் பாசிகளை ஆராயும் மூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையாருக்கு ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினார். அம்மையார் மறுத்துவிட்டார். தேநீரின்மேல் பாலை ஊற்றியிருக்கிறீர்கள். பாலின்மேல் தேநீரை ஊற்றியதுதான் எனக்குப் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, ருசி ஒன்றுதானே என்று பிஷர் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றார்கள்.

பிஷரின் பெருமை, அந்தச் சோதனையை எப்படி நடத்த வேண்டுமென்று யோசித்ததில் இருக்கிறது. எட்டுக் கோப்பை, நான்கில் பால் முந்தி, நான்கில் தேநீர் முந்தி, கொடுக்கும் வரிசை சீட்டுக் குலுக்கியதுபோல் முன்பின்னாக. குருட்டாம்போக்கில் சொன்னால் எட்டையும் சரியாகப் பிரிக்க 70-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. 1935-இல் எழுதிய நூலில் பிஷர் இதை விஸ்தாரமாக விளக்கினார். அம்மையார் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை. எட்டையும் சரியாகச் சொன்னார் என்று, அங்கே இருந்ததாகக் கூறிய ஒருவரின் சொல் பிற்காலத்தில் பதிவாயிற்று. அதற்கு நியாயமும் உண்டு. கொதிக்கும் தேநீரில் பாலைச் சிறுகச் சிறுக விட்டால் முதலில் விழும் பால் மிகையாகச் சூடேறி அதன் புரதம் திரிகிறது. பாலின்மேல் தேநீரை விட்டால் சூடு மெல்ல ஏறுகிறது. நம் டீக்கடைக்காரர் பாலையும் கொதிக்கவே வைத்திருப்பதால் இந்த நியாயம் எப்போதும்வென்றானில் செல்லுபடியாகாது.

அமெரிக்காவில் இந்தச் சோதனையை வியாபாரிகள் ஆயுதமாக எடுத்தார்கள். 1975-இல் பெப்சிக்காரர்கள் கடைத்தெருவில் மேஜை போட்டு, பெயர் மறைத்த இரண்டு கிண்ணங்களைக் கொடுத்து, பலர் பெப்சியையே தேர்ந்தெடுப்பதை விளம்பரம் செய்தார்கள். எதிர்க்கட்சி கலங்கிப்போயிற்று. ஏறக்குறைய இரண்டு லட்சம் சுவைப் பரீட்சைகள் நடத்தி, பழையதையும் பெப்சியையும் வெல்லும் புதிய கலவை ஒன்றை வகுத்து, 1985 ஏப்ரலில் கோகோ கோலாக் கம்பெனி அதை வெளியிட்டது. பழைய கலவையை நிறுத்தியும் விட்டது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மூன்று மாதம் முடியுமுன்பே, ஜூலையில், பழையது திரும்பி வந்தது. ஒரு மிடறு பருகும்போது இனிப்பு மிகுந்தது வெல்லும். ஒரு புட்டி குடிக்கும்போது அதே இனிப்புத் தெவிட்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பரீட்சை நடத்தியவர்கள் எண்ணவே இல்லை. ஜனங்கள் குடித்துவந்ததில் பாதி, புட்டிக்குள் இல்லை.

அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்பதை ஹூஸ்டன் நகரத்துப் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் 67 பேரை வைத்துத் தேடி, 2004-இல் எழுதினார்கள். பெயரில்லாத கிண்ணங்களில் கொடுத்தபோது இரண்டு கட்சிக்கும் ஏறக்குறையச் சமமான வாக்கு. தாம் எதன் ரசிகர் என்று முன்பு சொன்னதற்கும் இப்போது தேர்ந்தெடுத்ததற்கும் சம்பந்தம் காணோம். பிறகு ஒரு கிண்ணத்தில் மட்டும் கோகோ கோலாவின் பெயரை ஒட்டி, மற்றதில் இரண்டிலொன்று இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் இரண்டிலும் ஒரே கோலா! பெயருள்ள கிண்ணத்துக்கே வாக்குகள் சாய்ந்தன. மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, அப்பெயரைக் கண்டதும் நினைவுக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டிருந்தன. பெப்சியின் பெயருக்கு இந்தச் சக்தி இல்லை.

ஆகவே, பெயரைக் கண்டு ருசிப்பவன் பொய் சொல்லுகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் உண்மையிலேயே அப்படித்தான் ருசிக்கிறான். பொவண்டோவைக் குடிக்கும் கரிசல்காட்டுக்காரனுக்குச் சித்திரைக் கொடையின் மேளமும், மாமன் வாங்கிக் கொடுத்த முதல் புட்டியும் சேர்ந்தே இனிக்கின்றன. பதனீரைக் கண்ணாடி டம்ளரில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பாதி ருசி போய்விடும். பச்சைப் பனையோலைப் பட்டையில், ஓலை மணத்தோடு இரு கையாலும் ஏந்திக் குடிக்கும்போதுதான் அது பதனீர். காப்பியிலும் இப்படியே. சிக்கரி கலந்தால்தான் காப்பி என்று ஒரு வீடு. சிக்கரி கலந்தால் அது காப்பியே இல்லை என்று அடுத்த வீடு. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது, கலந்த அளவை உறையின்மேல் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் விதி இருக்கிறது. சிக்கரி நிறமும் கனமும் ஒருவிதக் கசப்பும் கொடுக்கும். தூக்கத்தை விரட்டும் கேபீன் அதில் கிடையாது. இரண்டு வீட்டாரும் தத்தம் தாயார் போட்ட காப்பியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர்கள் இந்த இரண்டு வீட்டையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெயருக்கு இத்தனை வல்லமை இருக்குமானால், பெயரை எழுதுகிறவர் யார் என்று பார்க்க வேண்டியதுதான் நம் வேலை. 1977-இல் ஜனதா சர்க்கார், அந்நியச் செலாவணிச் சட்டப்படி பெரும்பங்கை இந்தியருக்குக் கொடு என்றபோது, கோகோ கோலாக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. அந்தக் காலியிடத்தில் எழுந்தது தம்ஸ் அப் என்ற சுதேசிச் சரக்கு. அதன் காரசாரத்தைப் பாராட்டி, “சீமைச் சரக்கெல்லாம் இதற்குக் கிட்ட வராது” என்று சொன்னவர்கள் அநேகர். 1993-இல் கோகோ கோலா திரும்பி வந்தது; வந்த சூட்டோடு தம்ஸ் அப்பை விலைக்கு வாங்கிவிட்டது. உறையும் பெயரும் மாறவில்லை. சுதேசி ருசி என்று இன்றும் அதைக் குடிக்கிறவர்கள் உண்டு. காசு போகும் திசை மாறியதை எந்த நாக்கு அறிந்தது?

எப்போதும்வென்றானிலிருந்து ஒட்டப்பிடாரம் வெகுதூரமில்லை. அங்கே பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பிரயாணிகளை இழுத்தது. அப்படியிருந்தும் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள், நம் கப்பலின் ஆசனம் மெத்தென்று இருக்கிறது என்றா ஏறினார்கள்? கப்பல் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும், அது போதுமானதாயிருந்தது. ஆசனத்தைப் பேசியிருந்தால், மெத்தை போட்ட கப்பல் வந்த அன்றே வழக்குத் தோற்றிருக்கும். ருசியைப் பேசுகிறவர்களுக்கும் அதுவே நேரும். விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்ட வல்லவன், பத்து வருஷத்தில் நம் குழந்தைகளின் நினைவையே விலைக்கு வாங்கிவிடுவான். அப்போது அவர்கள் நாக்கு யாருக்குச் சாட்சி சொல்லும்?

கோலாவைக்கூட விட்டுவிடலாம், அது திருநாளுக்குத் திருநாள் குடிப்பது. தினமும் குடிக்கும் தண்ணீரிலேயே இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது கரிசல் ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் 20 லிட்டர் கேன்கள் வரிசையாக நிற்கின்றன. நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தித் தள்ளி உப்புகளைப் பிரித்த தண்ணீர் அது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடப் பெரும்பாலும் போய்விடுகின்றன. அதற்குப் பழகிய குழந்தை, தாமிரபரணியிலிருந்து குழாய்வழி வரும் நீரை வாயில் வைத்தவுடன் துப்புகிறது. மருந்து வாடை என்கிறது. கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரினின் வாடை அது. வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சிறிது நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். அந்தச் சிறிது நேரம் பொறுக்க மாட்டாமல், கூலி வேலை செய்யும் குடும்பங்களும் கேனுக்குக் காசு எண்ணுகின்றன. அவர்கள் நாக்கின்மேல் குற்றமில்லை. நாக்கு தண்ணீரை அளக்கும்போது, தான் பழகியதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. வாயில் ஊறும் உமிழ்நீரிலேயே சிறிது உப்பு உண்டு. எப்போதும் அதில் நனைந்திருப்பதால் அந்த உப்பை நாம் அறிவதில்லை. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் இனிக்கிறதே, அங்கே மாறியது தண்ணீரா?

இதிலே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய கிணறெல்லாம் அமிர்தம், கேனெல்லாம் விஷம் என்று கிளம்பிவிடலாகாது. நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. வறண்ட நாட்டுக் கிணறுகள் பல இந்த இரண்டாம் வரம்பையும் தாண்டும். உப்பையாவது நாக்குக் காட்டிக் கொடுக்கும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைத் தாண்டலாகாது. தாண்டினாலும் நாக்குக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிக்கும் ருசியில்லை. இரண்டு கிணற்றைப் பிரித்தறிந்த நம் பாட்டிமார்களின் நாக்கும் இங்கே ஊமைதான். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரிசோதனைச் சாலையில் ஒரு புட்டித் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்குவதே வழி. குடிக்கத் தகுமா என்பதை அந்த அறிக்கை சொல்லட்டும். தகும் என்று தெரிந்தபின், பிடிக்கிறதா என்று நாவைக் கேட்கலாம்.

கேட்கும் முறையை மட்டும் சொல்லி விடுகிறேன். ஒரே மாதிரியான மூன்று டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் கேன் தண்ணீர், ஒன்றில் திறந்து ஆறவைத்த குழாய்த் தண்ணீர். அல்லது இரண்டில் இது, ஒன்றில் அது. எல்லாம் ஒரே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஊற்றுகிறவர் ஒருவர், கொண்டு வந்து கொடுக்கிறவர் வேறொருவர். கொடுக்கிறவருக்கும் எது எதுவென்று தெரியலாகாது. தெரிந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். குடிப்பவர் மூன்றில் எது தனி என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொல்வதில் பெருமையில்லை. குருட்டடியாகச் சொன்னாலும் மூன்றிலொரு பங்கு பலிக்கும். வரிசையை மாற்றி மாற்றி ஐந்து தடவை கொடுங்கள். ஐந்தும் பலிக்க, குருட்டடிக்கு 243-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. இதே முறையைச் சிக்கரிக் காப்பிக்கும் இரண்டு வகைக் கலருக்கும் கையாளலாம். நிறம் வேறுபட்டால் கண்ணைக் கட்டிவிட வேண்டும். தடவைக்குத் தடவை வாய் கொப்புளிக்க வேண்டும். தொடங்குமுன் யாரும் நெல்லிக்காய் தின்றிருக்கலாகாது.